பழைய ஜீப் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போடி, கம்பம், வால்பாறை, கூடலூர் பக்கங்களில் தோட்ட வேலைக்கு உழைத்து ஓய்ந்த ஜீப்புகளும், இராணுவம் கழித்துவிட்ட மாருதி ஜிப்ஸிகளும் இன்று நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. வாங்க விரும்புவோரில் பெரும்பாலானோர் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். எஞ்சின் எளிதில் சரிசெய்யக்கூடியது. சரிசெய்ய முடியாதவை இரண்டு: ஆவணமும், அந்த ஆவணம் குறிப்பிடும் சேசிஸும், அதாவது வண்டியின் அடிச்சட்டமும். கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டில் வாங்கித் தமிழ்நாட்டில் ஓட்டப்போகிறவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

பழைய ஜீப் என்று எந்த வண்டிகளைச் சொல்கிறீர்கள்?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைக் கட்டின. வில்லிஸ் கட்டியதற்கு எம்பி என்றும், ஃபோர்டு கட்டியதற்கு ஜிபிடபிள்யூ என்றும் பெயர். போர் முடிந்ததும் அவற்றில் ஒரு பகுதி இந்தியாவிலேயே தங்கிவிட்டது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயின் மசகான் பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கியது. பிறகு சிஜே-3பி என்னும் உயரமான பானெட் கொண்ட ஜீப்பைப் பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரித்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'ஜீப்பு' என்று சொல்லும்போது அவர்கள் கண்முன் நிற்பது பெரும்பாலும் இந்த வண்டிதான். 1980களின் நடுவில் பெஜோ டீசல் எஞ்சினோடு வந்த எம்எம் 540, அதன் பின்வந்த எம்எம் 550, மேஜர் ஆகியவை அடுத்த தலைமுறை.

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் அறிமுகமானது. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இராணுவத்துக்காகக் கட்டப்பட்ட ஜோங்கா, நிஸான் பேட்ரோலின் இந்திய வடிவம். 4 லிட்டர் அளவுள்ள 6 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே வீடு இருப்பவர்கள் மட்டும் ஜோங்காவைப் பற்றி யோசிக்கலாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பானெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள்; பதிவுச் சான்றான ஆர்.சி.யைக் கேளுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டார்ச் ஆகியவற்றோடு வண்டிக்கு அடியில் குனியுங்கள். சேசிஸ் சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றிய இரும்பு மற்ற இடத்தைவிட மெல்லியதாகவோ, கிரைண்டரால் தேய்த்த பளபளப்போடோ, சுற்றிலும் வெல்டிங் கோடு ஓடியோ இருந்தால் விலை பேச வேண்டாம், வீடு திரும்பிவிடலாம். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக இல்லாவிட்டாலும் அப்படியே.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சந்தையில் 'பேப்பர் ஜீப்' என்று ஒரு வகை இருக்கிறது. 1950களில் பதிவான ஒரு ஜீப் என்றோ மக்கி மண்ணாகிப் போயிருக்கும், அதன் ஆர்.சி. மட்டும் உயிரோடு இருக்கும். அந்த ஆர்.சி.யைக் கொண்டு, புதிதாக வளைத்து வெல்டிங் செய்த சட்டத்தின் மீது புதுத் தகட்டால் பாடி கட்டி, பழைய எண்ணை அடித்து, 'ஒரிஜினல் வில்லிஸ்' என்று விற்கிறார்கள். அரியானாவின் மண்டி டப்வாலி நகரம் திறந்த ஜீப்புகளைக் கட்டுவதற்குப் பெயர்போனது. அங்கே கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாகக் கட்டிய வண்டி வேறு, பழைய வண்டி வேறு. இரண்டையும் ஒன்றென்று நம்பிப் பணம் கொடுத்தவர் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது விற்றவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அடுத்து ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், எரிபொருள் வகை, இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, தனியார் பயன்பாடா வாடகைப் பயன்பாடா என்பதை ஒவ்வொன்றாக வண்டியோடு ஒப்பிட வேண்டும். கடன் குறிப்பு இருந்தால், அடைத்ததற்கான படிவம் 35 கையில் வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் இணையதளத்தில் பதிவு எண்ணை இட்டுப் பார்ப்பது கட்டாயம். கணினிப் பதிவுக்கு முந்தைய பழைய எண்கள் பல அதில் ஏறியிருக்காது. அப்போது அந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே நேரில் போய் மூலப் பதிவேட்டைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும். ஒருநாள் அலைச்சல்தான், ஆனால் இந்த வாங்கலில் அதைவிடப் பயனுள்ள நாள் வேறில்லை.

ஆர்.சி. காலாவதியாகி விட்டது, புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

புதுப்பிக்கலாம் என்பது உண்மை. தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 2022 ஏப்ரல் முதல் கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம் 20 ஆண்டைக் கடந்த இலகுரக வாகனங்களுக்கு அதை 10,000 ஆக்கியது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் உண்டு. பசுமை வரி தனி.

ஆகவே 'சும்மா புதுப்பித்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல ஆண்டு நிலுவை ஒளிந்திருக்கலாம். நிலுவை எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். இதைவிட நல்ல வழி, விற்பவரே தம் பெயரில் புதுப்பித்துக் கொடுத்தபின் முழுப்பணம் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்வது. உண்மையில் வண்டி தேறும் என்ற நம்பிக்கை உள்ளவர் இதற்கு ஒப்புக்கொள்வார்.

50 ஆண்டு கடந்த ஜீப்புக்குத் தனி எண் தருகிறார்களாமே?

2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படுத்தாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் அதில் அடங்கும். மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000.

ஆனால் இரண்டு நிபந்தனைகளை விற்பவர்கள் சொல்வதில்லை. முதலாவது, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் இல்லாமல் வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த எண்ணில் அன்றாடம் ஓட்ட முடியாது: கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். வார இறுதியில் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு இந்த எண் பொருந்தாது. வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். வாங்கலாமா?

தமிழ்நாட்டுப் பழைய ஜீப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டக்காரர்களுக்கு வண்டி என்பது அழகுப் பொருளாக இருந்ததில்லை. பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்ததும் பெஜோவோ, டிராக்டர் வகை டீசல் எஞ்சினோ ஏற்றி மறுநாளே மூட்டை சுமக்க அனுப்பினார்கள். அதில் குறைசொல்ல எதுவும் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏற்றப்பட்டிருக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. எஞ்சின் எண்ணும் 'டீசல்' என்ற சொல்லும் ஆர்.சி.யில் முறையாக ஏறியிருந்தால் அந்த வண்டி அச்சமின்றி வாங்கக்கூடியது. ஏறாமல் இருந்தால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும், ஒவ்வொரு விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையிலும் அந்த எஞ்சின் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நான் முதலில் வாங்கிய ஜீப் இப்படிப்பட்டதுதான். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல். 'ஒரு கையெழுத்து வேலை, பார்த்துக்கொள்ளலாம் தம்பி' என்றார் விற்றவர். அந்த ஒரு கையெழுத்துக்காகப் பதினான்கு மாதம் வண்டி வாசலில் வேப்பிலைக் குப்பை சுமந்து நின்றது. கடைசியில் பழைய வகைப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பொருத்தி, அதற்கு ஒப்புதல் பெற்றுத்தான் சாலைக்கு வந்தேன்.

அசல் போர்க்கால வில்லிஸ் என்று சொல்லி விற்கும் வண்டியை எப்படிச் சோதிப்பது?

முகப்புக் கிரில்லை மட்டும் பார்த்து முடிவுசெய்பவர்கள் ஏமாறுகிறார்கள். போர்க்கால ஜீப்பின் அச்சுத் தகட்டுக் கிரில்லில் 9 பிளவுகள் இருக்கும், விளக்குகள் கிரில்லுக்குச் சற்று உள்ளே ஒதுங்கியிருக்கும். பொதுமக்களுக்காக வந்த சிஜே வகையில் 7 பிளவுகள், விளக்குகள் பெரிதாக வெளியே துருத்தியிருக்கும். இது எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே 9 பிளவுக் கிரில்லைப் புதிதாக அடித்து சிஜே வண்டியில் மாட்டிவிடுகிறார்கள்.

மாற்றுவதற்குக் கடினமான இடங்களைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் இரு கைகளையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸ் எம்பியில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டு ஜிபிடபிள்யூவில் கவிழ்த்த பள்ளம் போன்ற தகட்டுச் சட்டமாக இருக்கும். வில்லிஸ் தன் வரிசை எண்ணைச் சேசிஸின் முன்பக்க இடக்கையின் உட்புறத்தில் ஒரு சிறு தகட்டில் பதித்து ரிவெட் அடித்தது. ஃபோர்டு அதே இடக்கையின் மேல்விளிம்பிலேயே எண்ணைப் பொறித்தது. ஃபோர்டு தான் செய்த உதிரிகளில், போல்ட்டுத் தலைகளில்கூட, ஆங்கில 'எஃப்' எழுத்தை அடித்து வைத்தது. துருவைத் துடைத்தால் இன்றும் தெரியும். போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது, ஸ்டெப்னி பின்னால் தொங்கும். பின்னால் திறந்து இறங்கும் கதவு இருந்தால், பின்பாதி பாடி வேறு வண்டியுடையது.

சிஜே-3பியைப் பொறுத்தவரை அடையாளம் அதன் பானெட்டிலேயே இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஹரிக்கேன் எஞ்சினில் காற்று உள்வாங்கும் வால்வுகள் ஹெட்டில் மேலேயும், புகை வெளியேற்றும் வால்வுகள் பிளாக்கில் கீழேயும் அமைந்திருக்கும். அதனால் எஞ்சின் உயர்ந்தது, எஞ்சினுக்காகப் பானெட்டும் உயர்ந்தது. போர்க்கால வண்டியின் கோ-டெவில் எஞ்சினில் எல்லா வால்வுகளும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருப்பதால் அது தாழ்ந்த பானெட்டுக்குள் அடங்கியது. இரண்டின் கொள்ளளவும் ஒன்றே, ஏறத்தாழ 2.2 லிட்டர்.

துரு எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

பாடியில் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்பேன், விலை அதற்கேற்ப இருந்தால். ஜீப் பாடி பெரும்பாலும் தட்டையான தகடுகளால் ஆனது. கைதேர்ந்த டிங்கர் ஒருவர் தளத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துவிடுவார். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பாடி முழுவதும் நகர்த்துங்கள். பிடிப்பு நழுவும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது.

சேசிஸ் விஷயத்தில் மட்டும் இரக்கம் கூடாது. சிறு சுத்தியலால் சட்டத்தின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த ஓசை எங்கே மொத்தென்று மாறுகிறதோ அங்கே உள்ளிருந்து அரித்திருக்கிறது. பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் ஷேக்கிள் இணைப்புகள், பின் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கும் ரப்பர் இருக்கைகளின் அடிப்பகுதி, ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றில் விரிசலும் ஒட்டுவேலையும் தேடுங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் இந்தச் சோதனையை இருமுறை செய்வது நல்லது. மலைத்தோட்ட வண்டிகளில் துருவைவிடச் சுமையால் வந்த விரிசலே அதிகம்; பன்னிரண்டு பேரை ஏற்றி முப்பது ஆண்டு மேடேறிய சட்டம் எங்காவது வாய்பிளந்திருக்கும்.

நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

வண்டியில் அந்த வசதி இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மகிந்திரா ஜீப்புகளில் கணிசமானவை பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ளவை. முன்சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால், நான்கு சக்கர வண்டியில் முன் ஆக்சிலிலும் ஒரு டிஃபரன்ஷியல் உருண்டை தெரியும், நடுவிலிருந்து அதற்கு ஒரு ஷாஃப்ட் வரும். ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிய வண்டிகளும் உண்டு; லிவர் அழகாக விழும், முன்சக்கரம் மட்டும் அசையாது.

பழைய ஜீப்பில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டு சிறு லிவர்கள் இருக்கும். ஒன்று முன் ஆக்சிலை இணைக்கும், மற்றது உயர் வேகம், தாழ் வேகம் என்று மாற்றும். மண் தரையிலோ மணலிலோ வண்டியை நிறுத்தி, இணைத்து, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் இணைத்தபடி முழுவதும் திருப்பினால் வண்டி இழுத்துப்பிடிக்கும். முன் ஆக்சில் உயிரோடு இருப்பதற்கு அந்த இறுக்கமே சான்று. சோதனைக்காகச் சில அடி தூரம் மட்டும் இப்படி நகர்த்தலாம். தார்ச்சாலையில் தொடர்ந்து ஓட்டினால் ஷாஃப்டின் இணைப்பான கிராஸும் கியரும் உடையும்.

பிறகு ஒரு இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டியதே. அதே சோதனையைத் தாழ் வேகத்திலும் செய்யுங்கள். ஒன்றாம் கியர் நகரும்போது கறகறவென்று விழுவதைக் குறையாக எண்ண வேண்டாம். இந்த மூன்று கியர் பெட்டிகளில் ஒன்றாம் கியருக்கு, பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்றபின்தான் போட வேண்டும்.

வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. இரு ஆக்சில்களுக்கும் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் கைப்பிரேக் எண்ணெயில் ஊறிப் பயனற்றுப்போகும். கால்பிரேக்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்த் தொடர். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கைப்பிரேக்கை மேட்டில் சோதிக்காமல் வாங்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது விளங்கும்.

எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

வண்டி குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்குமுன் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே வைத்துப் பாருங்கள். புகை குபுகுபுவென்று மூச்சு விட்டால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடான பின்னும் நிற்காத வெண்புகை ஹெட் கேஸ்கட் கோளாற்றையும் காட்டும். பழைய டீசலில் ஏற்றத்தின்போது ஓரளவு கரும்புகை வருவது இயல்பு. ஆயில் அழுத்தமானி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் ஓட்டியபின் வெறுமனே ஓடும் நிலையில் முள் பூஜ்யத்தில் படுத்தால் கிராங்க் பேரிங் வேலை காத்திருக்கிறது.

சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வெறிபிடித்ததுபோல் ஆடினால், கிங் பின் பேரிங், டை ராடு முனை, பட்டைப் புஷ் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கிறது. இது பயமுறுத்தும் கோளாறு, ஆனால் சரிசெய்ய முடிந்த கோளாறு. விலையைக் குறைக்க உதவும்.

இராணுவ ஏல ஜிப்ஸி என்கிறார்கள். என்னென்ன கேட்க வேண்டும்?

இராணுவம் கழித்த வண்டிகள் எம்எஸ்டிசி என்னும் மத்திய அரசு நிறுவனம் போன்ற அமைப்பின் மின்ஏலம் வழியாக வெளியே வருகின்றன. பெரும்பாலும் வியாபாரிகள் மொத்தமாக எடுத்து, ஒவ்வொன்றாக விற்கிறார்கள். படையில் இருந்தவரை அந்த வண்டிக்கு நம்முடைய ஆர்.சி. கிடையாது, அம்புக்குறி போட்ட இராணுவ எண் மட்டுமே. மக்கள் பயன்பாட்டுக்குப் பதிவுசெய்ய, உரிய அதிகாரி வழங்கிய விற்பனைச் சான்றான படிவம் 21 மூலப் பிரதியாகவே வேண்டும் என்பது விதி. நகல் காட்டி 'ஒரிஜினல் கொரியரில் வருகிறது' என்பவரிடம், அது வந்தபின் தொலைபேசியில் அழைக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். வேறொருவர் ஏற்கெனவே பதிவுசெய்து, ஆர்.சி.யோடு விற்கும் இராணுவ ஜிப்ஸி சற்று விலை கூடினாலும் அதுவே மலிவு.

ஜிப்ஸியா, மகிந்திராவா?

ஓட்டுவதற்கு ஜிப்ஸி, வைத்துப் பழுதுபார்த்து மகிழ்வதற்கு மகிந்திரா. ஜிப்ஸி எடை குறைந்தது, சேற்றில் மிதந்து செல்லும், எஞ்சின் மாருதியின் பிற கார்களோடு உறவுள்ளது என்பதால் எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். 1985இல் வந்த 970 சிசி வண்டியைவிட, 1996இல் வந்த 1.3 லிட்டர் வண்டி மலையில் எளிதாக ஏறும். 2000க்குப் பிறகு வந்த, கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டி அதைவிட நம்பகமானது. ஆனால் அதைப் பழைமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மூன்றிலும் பட்டைகள் கடினமானவை. முதுகுவலி உள்ளவர்கள் வாங்குமுன் மேடு பள்ளச் சாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜிப்ஸியின் தளமும், பின்பட்டைகள் பிடித்திருக்கும் இடத்துச் சேசிஸும் துருவுக்குப் பேர்போனவை.

எம்எம் 540 மெதுவானது. 2112 சிசி பெஜோ எஞ்சின் 60 கிலோமீட்டர் வேகத்தில் மனநிறைவோடு ஓடும். அதற்குமேல் விரட்டினால் சத்தம் மட்டும் கூடும். ஆனால் கனத்த தகடும், எளிய அமைப்பும், கிராமத்து லேத் பட்டறையிலேயே முடிந்துவிடும் பழுதுகளும் அதன் பலம்.

டெல்லியில் மிக மலிவாகக் கிடைக்கிறதே?

10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் அங்கே இருக்கும் கட்டுப்பாடுகளால்தான் மலிவு. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28 வழியாகப் பெறும் என்.ஓ.சி., அங்கிருந்தே வர வேண்டும். அங்கே பதிவு ரத்தாகிவிட்ட வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெறும் உதிரிப்பாகக் குவியல். என்.ஓ.சி. கிடைத்தாலும் லாரி வாடகை, இங்கு மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தபின் மலிவு என்ன மிச்சம் என்று தாளில் கணக்கிடுங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கவும் முடியாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?

எஞ்சினின் இரும்பைவிட எரிபொருள் வழியில் உள்ள ரப்பரைத்தான் அது முதலில் தாக்கும். பழைய ஹோஸ்கள், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவை 20 சதவீத எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. மென்மையாகி, ஊறி, வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். வாங்கிய வாரமே எத்தனால் தாங்கும் ஹோஸ்களுக்கு மாற்றிவிடுங்கள், வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். அதிக ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டியதில்லை. போர்க்கால எஞ்சினின் அழுத்த விகிதம் 6.5ஐக்கூட எட்டாது.

உதிரிபாகங்கள் கிடைக்குமா?

வில்லிஸ், மகிந்திரா வகைக்குத் தாராளமாகக் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழையதும், டெல்லி காஷ்மீரி கேட்டில் புதியதும் வாங்கலாம். ஜோங்காவுக்குத் தேட வேண்டியிருக்கும்.

என்ன விலை கொடுக்கலாம்?

ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் தொகையை இங்கே எழுதுவதில் பயனில்லை. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தனியே எடுத்து வைத்தபின் மிச்சம் இருப்பதுதான் உங்கள் உண்மையான பட்ஜெட். டயர்கள், பிரேக், எரிபொருள் ஹோஸ், ஒயரிங் நான்கையும் எந்தப் பழைய ஜீப்பிலும் மாற்றத்தான் போகிறீர்கள். பெரிய டயர், எல்.இ.டி. விளக்குக் கம்பி, குரோம் பம்பர் ஆகியவற்றுக்காக விற்பவர் செலவிட்டதை நீங்கள் ஈடுசெய்ய வேண்டியதில்லை. அவற்றில் பலவற்றை ஆய்வுக்கு முன் கழற்ற வேண்டிய செலவும் உங்களுடையதே. பேச்சில் சூடு வந்துவிடும் இயல்புடையவர் என்றால், முதல்முறை பார்க்கப் போகும் நாளில் பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பணம் கொடுக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பெயர்மாற்றத்துக்கான படிவம் 29 இரு பிரதிகளிலும், படிவம் 30இலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் கண்முன் வாங்குங்கள். முன்பே கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை ஏற்க வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள பெயர்க்காரரே உங்கள் எதிரில் இருக்க வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்றால் முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளில் தகவல் தர வேண்டும், வாங்குபவர் 30 நாளில் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வண்டியை ஓட்டிவந்த தேதியையும் நேரத்தையும் எழுதிய ரசீது ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதுவே விடை. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள். 5 ஆண்டு கடந்த வண்டிக்கான காப்பீட்டு மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வது என்பதால், அன்றே எடுத்த புகைப்படங்களையும் செலவு ரசீதுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.